வீடு ஊரில் இருக்கிறது

தாராவியில் நாங்கள் வீடு என்று சொல்வதில்லை. ரூம் என்போம். "ரூமுக்குப் போறேன்", "ரூம்ல யாரும் இல்ல", "உங்க ரூம் எந்தச் சந்துல?" இப்படித்தான் பேச்சு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று அச்சடித்திருக்கும். அதைக் கொண்டுவந்து கொடுப்பவரோ, "ஒங்க ரூமுக்கு ரெண்டு தடவ வந்தேன், பூட்டிக் கெடந்துச்சு" என்பார். வீடு என்றால் அது ஊரில் இருப்பது. எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளையைப் பெற்று வளர்த்தது இங்கே. புருஷனைத் தூக்கிக்கொண்டு போனதும் இங்கிருந்துதான். ஆனாலும் இது ரூம்தான்.

இந்த ஒரு சொல் என்னை என்ன பாடு படுத்தியது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும். இப்போது எனக்குக் காலைப்பொழுதுகள் நிறைய இருக்கின்றன. ஏன் என்று பிறகு தெரியும்.

என் புருஷன் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். நான் கல்யாணமாகி வந்தபோது இந்தச் சந்து முழுக்கத் தோல் நாற்றம். சோறு வாயில் வைக்க முடியாது. ஆறு மாதத்தில் பழகிவிட்டது. பிறகு, நகரம் வளருகிறது, இந்த நாற்றம் நடுவில் இருக்கக்கூடாது என்று ஷெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினார்கள். தோல் போன ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் வந்தது. அவருக்கு வேலை போனது, எனக்கு வேலை வந்தது. அவர் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வேலை, பிளாஸ்டிக் பிரிப்பது. மும்பை முழுக்கக் கழித்துப் போடும் சாமானை இங்கே பங்கார் என்பார்கள். அது மூட்டை மூட்டையாக வந்து என் முன்னால் கொட்டும். பார்க்க எல்லாம் ஒன்று போல இருக்கும். ஒன்றோடு ஒன்று கலந்து உருக்கினால் சரக்கு மொத்தமும் பாழ். அதனால் இனம் இனமாகப் பிரிக்க வேண்டும். விரலால் சுண்டினால் ஒன்று டங்கென்னும், ஒன்று பொத்தென்னும். வளைத்தால் ஒன்று மடிப்பில் வெளுக்கும், ஒன்று படக்கென்று உடையும். அப்படியும் சந்தேகமாக இருந்தால் ஒரு தீக்குச்சி. மெழுகுவர்த்தி அணைந்த வாசனை வந்தால் ஒரு இனம், மூக்கைக் குத்தி இருமவைத்தால் வேறு இனம். என் முதலாளி சேட்டு பெரிய ஆள். மூன்று கோடவுன் வைத்திருந்தார். புதிதாக ஏதாவது வந்து அவருடைய ஆட்கள் திணறினால், "மதராஸி அம்மாவிடம் கொண்டு போ" என்பார். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

மூட்டைகள் என் ரூமிலேயே இருக்கும். முன்பக்கம் மூட்டை, பின்பக்கம் அடுப்பும் கட்டிலும். மகன் அந்த மூட்டைமேல் உட்கார்ந்துதான் பத்தாவது வரை படித்தான்.

நாடு முன்னேறுகிறது என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன். அது எனக்கு முன்பே தெரியும். முதலில் எண்ணெய் டப்பாவும் உடைந்த வாளியும்தான் வந்துகொண்டிருந்தன. வாளி ஒன்று வருகிறதென்றால் அது மூன்று இடத்தில் சூடு வைத்து ஒட்டப்பட்டு, இனி ஒட்ட இடமில்லை என்ற பிறகுதான் வரும். அப்புறம் பால் கவர். அப்புறம் ஷாம்பு பாக்கெட். ஒரு வருஷம் திடீரென்று தண்ணீர் பாட்டில் மலையாக வந்து குவிந்தது. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் சந்தில் அப்போதும் குழாயடிச் சண்டைதான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கூடு, போன் மூடி, இப்போது ஆன்லைனில் சாப்பாடு வாங்கித் தின்று எறிகிற கறுப்பு டப்பா. கழுவாமல் வரும். என்ன தின்றார்கள், எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று பார்த்தாலே தெரியும். புதுக் கருக்கு மாறாத வாளியும் வருகிறது. நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

கடைசியில் ஒரு சரக்கு வந்தது, எனக்கே பெயர் தெரியாதது. சிப்ஸ் பாக்கெட் மாதிரி, உள்ளே வெள்ளி, வெளியே படம், நடுவே வேறு எதுவோ. ஏழு தீக்குச்சி கிழித்தேன். எந்த இனமும் இல்லை. எதிலும் சேராது, யாரும் எடுக்க மாட்டார்கள். அது நேரே நாலாவுக்குத்தான் போகும். எங்கள் சந்தின் கடைசியில் ஓடும் அந்தச் சாக்கடைக் கால்வாயில் முன்பு தோல் கழுவின நீர் ஓடியது. இப்போது மழை வந்தால் இந்த வெள்ளிப் பாக்கெட்டுகள் மீன் மாதிரி மினுங்கிக்கொண்டு போகின்றன.

சரி, கதைக்கு வருகிறேன்.

தாராவியை இடித்து அடுக்குமாடியாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சை நான் என் மகன் தவழ்ந்த காலத்திலிருந்து கேட்கிறேன். அதனால் அளக்க ஆள் வருகிறார்கள் என்றபோதும் நான் எழுந்திருக்கவில்லை. ஒரு மராட்டிப் பெண் வந்தாள், கையில் ஸ்லேட்டு போல ஒரு கம்ப்யூட்டர். கூட இரண்டு பையன்கள். ஒருவன் சிவப்பு வெளிச்சம் அடித்துச் சுவரை அளந்தான், இன்னொருவன் கதவில் ஒரு நம்பரை எழுதினான். அந்தப் பெண் நல்ல பெண். மௌசி என்று கூப்பிட்டாள், சித்தி என்கிற மாதிரி. என் பக்கத்து ரூம்காரி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி, வேதக்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், தையல் மிஷின் போட்டிருக்கிறாள். அவள் நிற்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் வினை.

அந்தப் பெண் இந்தியில் கேட்டாள்: "மௌசி, இது வீடா, கோடவுனா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வீடு ஊரில் இருக்கிறது" என்றேன், என் இந்தியில். "கர் காவ் மே ஹை. இது ரூம். இங்கே வேலை பார்க்கிறேன்."

அதோடு விட்டேனா? ஊர் வீட்டுக்குத் தேக்குக் கதவு, பின்னால் கிணறு, முன்னால் வேம்பு என்று கையால் அளந்து காட்டினேன். அந்தப் பெண் மூட்டைகளைப் பார்த்தாள். கூரை வரை அடுக்கியிருந்தது. அடுப்பும் கட்டிலும் அவற்றுக்குப் பின்னால். தலையாட்டிக்கொண்டே விரலால் தட்டினாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். என் பெயரை நானே எழுதுவேன், கைநாட்டு வைக்க மாட்டேன். அந்தக் கண்ணாடிமேல் விரலாலேயே அழகாக எழுதினேன்.

சில மாதம் கழித்துச் சந்து முனையில் ஒரு பெரிய பட்டியலை ஒட்டினார்கள். கூட்டம். பக்கத்து ரூம்காரிக்கு ஆங்கில எழுத்து தெரியும். கூட்டத்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தாள். முகம் சரியில்லை.

"யக்கா, ஒன் நம்பருக்கு நேரா வேற என்னமோ போட்டிருக்கு."

"என்னத்தட்டி போட்டிருக்கு?"

"எனக்கெல்லாம் ரெசிடென்ஷியல்னு போட்டிருக்கு. ஒனக்கு கமர்ஷியல். கோடவுன். குடியிருக்கவங்க எடத்துல ஒரு கோடு."

"கோடுன்னா?"

"கோடுன்னா யாருமில்லன்னு அர்த்தம்க்கா."

எனக்குப் புரியவில்லை. நானே போய்ப் பார்த்தேன். என் கதவில் எழுதியிருக்கும் நம்பரை எனக்குத் தெரியும். அதைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை வைத்து, அப்படியே நேராகக் கொண்டுபோனேன். கோடுதான் இருந்தது. சின்னக் கோடு, ஒரு எறும்பு நீளம்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் நான் தூங்கி எழுந்த இடத்தில் யாருமில்லை. பின்னால் நிற்கிறவர்கள் "சலோ, சலோ" என்று தள்ளுகிறார்கள். நான் விரலை எடுக்கவில்லை. என் புருஷன் செத்த அன்றுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்றாவது தெரிந்தது.

மகன் நகரத்தின் இன்னொரு கோடியில், முலுண்டில், பிளாட்டில் இருக்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். போன் போட்டுச் சொன்னேன்.

"எம்மா, நீ என்னத்துக்கு அப்படிச் சொன்ன?"

"கேட்டா. சொன்னேன்."

"கோடவுன்னு எழுதிட்டா ஒனக்குக் குடியிருக்க எடம் தர மாட்டாங்கம்மா. கோடவுனும் ஒனக்கு இல்ல, மூட்டையெல்லாம் சேட்டோடது. ரெண்டுங்கெட்டானா நிப்ப."

"அப்போ ரெண்டையும் எழுதச் சொல்லுதேன். குடியிருக்கதும்தான், வேலையும்தான்."

"ஃபார்ம்ல ரெண்டு டிக் போட முடியாது. கம்ப்யூட்டர் ஏத்துக்காது. விடும்மா, இங்க வந்துரு."

"ஒங்க பிளாட்டுல நான் எதுக்கு? லிஃப்ட்டுல ஏறி இறங்கிட்டுக் கெடக்கவா?"

அவனுக்குக் கோபம். எனக்கும் கோபம். ஆனால் அவன் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. அந்த ரூம் போனால் எனக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. முலுண்ட் மகனுடையது. ஊர் வீடு?

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் வீடு இல்லை. நான்குவழிச் சாலை போட்டபோது அது போய்விட்டது. தேக்குக் கதவு, கிணறு, வேம்பு எல்லாம் ரோட்டுக்கு அடியில். கொடுத்த காசைக் கொழுந்தன்மார் மூன்று பேரும் பிரித்துக்கொண்டார்கள். பின்சுவர் ஒன்று மட்டும் நிற்கிறது, அதில் யாரோ சிமெண்ட் விளம்பரம் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். பஸ் எவ்வளவு வேகமாகப் போனது தெரியுமா, அவ்வளவு நல்ல ரோடு. பக்கத்தில் இருந்தவர் "முன்னெல்லாம் இந்தத் தூரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆவும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் ஆமா என்றேன்.

தப்பு எழுதியிருந்தால் வந்து சொல்லலாம் என்று சயான் பக்கம் ஒரு தற்காலிக ஆபீஸ் திறந்திருந்தார்கள். தகர ஷெட், உள்ளே ஏசி. பக்கத்து ரூம்காரி, "ஒனக்கு இந்தி கோவத்துல வராதுக்கா" என்று துணைக்கு வந்தாள். எனக்கு அவள் வருவது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். வீடு கிராமத்தில் இருக்கிறது என்று. உங்கள் கையெழுத்தும் இருக்கிறது." திருப்பிக் காட்டினார். நான் விரலால் எழுதிய என் பெயர். அழகாகத்தான் இருந்தது.

"அது பேச்சுக்குச் சொன்னது" என்றேன்.

"கிராமத்தில் வீடு இருக்கிறதா, இல்லையா?"

பின்னால் வரிசை. பக்கத்தில் இவள். பாதிப் பேர் எங்கள் சந்துக்காரர்கள். ரேஷன் கார்டு, கரண்டு பில் எல்லாம் பையில் இருந்தன. அவருக்கு அவை போதவில்லை. நான் சொன்னதை நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

"இல்லை" என்றேன்.

"சத்தமாகச் சொல்லுங்கள்."

"இல்ல சார். நஹி ஹை. ரோடு போட்டுட்டாங்க. எனக்கு எங்கேயும் வீடு கெடையாது."

பக்கத்து ரூம்காரி என்னைத் திரும்பிப் பார்த்ததை நான் திரும்பாமலே பார்த்தேன். வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை அவள். அதுவே அவளுக்குப் பெரிய காரியம். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ வருசா வருசம் வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு சேட்டுகிட்ட லீவு கேட்டுட்டுப் போனது?"

"வாய மூடுட்டி."

"போன வருசம் கதவுக்கு வார்னிஷ்னு வேற சொன்ன."

"மூடுதியா இல்லியா?"

"சொல்லுக்கா, எங்க போன?"

"எங்க அக்கா மக வீட்டுக்கு. அவ வீட்டுலதான் பத்து நாளு கெடந்துட்டு வருவேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அறையலாம் போல இருந்தது. சிரித்து முடித்துவிட்டு, "எங்க வீட்டையும் எங்க அண்ணன் வித்துட்டான்க்கா, ஆறு வருசம் ஆச்சு" என்றாள். "ஒங்கிட்ட சொன்னா நீ கேவலமா நெனைப்பன்னு சொல்லல."

இரண்டு பேரும் பஸ்ஸை விட்டுவிட்டோம்.

மறுபடியும் ஆள் அனுப்பிப் பார்ப்போம் என்று அந்த ஆபீஸ்காரர் சொல்லியிருந்தார். அடுப்பு தெரிய வேண்டும், கட்டில் தெரிய வேண்டும். சரக்கு இருந்தால் கோடவுன் என்றுதான் எழுதுவார்கள். முதலாளியிடம் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஆட்களை அனுப்பி மூட்டைகளை வேறு சந்துக்கு மாற்றினார். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். கடைசி மூட்டை போனதும் நான் தரையைப் பார்த்துத் திகைத்து நின்றேன். பச்சையும் வெள்ளையுமாக டைல்ஸ். என் புருஷன் தோல் ஷெட் போன பிறகு, என்னோடு பேசாமல் இருந்த அந்த இரண்டு மாதத்தில், யாரோ இடித்த கட்டிடத்திலிருந்து உடைசல் டைல்ஸாக வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் பதித்தது. நான் மறந்தே போயிருந்தேன். ரூம் இவ்வளவு பெரிசா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், இவ்வளவு சிறிசா என்று.

அதே மராட்டிப் பெண்தான் வந்தாள். நான் குளித்து, நல்ல சேலை கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சாம்பார் கொதித்தது. பக்கத்து ரூம்காரி சாமி படம் மாட்டிக் கொடுத்தாள், எனக்காக முருகன் படம், அவள் கையால். "ஆண்டவர் மன்னிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே ஆணி அடித்தாள்.

அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள். அடுப்பைப் படம் எடுத்தாள். கட்டிலைப் படம் எடுத்தாள். என்னையும் எடுத்தாள். வெயிலில் அலைந்து வந்தவள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மிச்சத்தைக் குடித்து, மூடியைத் திருகிக் கீழே வைத்தாள். பேசிக்கொண்டே எழுதினாள்.

"எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"ஒருத்தி."

"சமையல் இங்கேயா?"

"இங்கேதான்."

அவள் என் கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். பாட்டில் என் மடியில் இருந்தது. நான் எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. மூடியைத் திருகிக் கழற்றியாயிற்று. கழுத்தில் இருக்கும் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தாயிற்று. காகிதத்தை உரித்தாயிற்று. பாட்டில் ஒரு இனம், மூடியும் வளையமும் வேறு இனம். சேர்ந்து போகக்கூடாது.

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மௌசி, இங்கே வேலை பார்க்கிறீர்களா?"

வாசலில் பக்கத்து ரூம்காரி கண்ணை உருட்டுகிறாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள்.

என் வாயில் வந்தது வேறு. இந்த நகரம் வாங்கி எறிந்தது எல்லாம் என் விரல் வழியாகப் போனது, பெண்ணே. உன் வயசுக்கு நீ குடித்த தண்ணீர் பாட்டில் அத்தனையும்கூட. இப்படியெல்லாம் இந்தியில் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கண்ணாடிப் பலகையில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

"இல்லை" என்றேன். "இது வீடு. கர் ஹை."

நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை இந்த இடத்துக்கு அந்தச் சொல்லைச் சொன்னேன்.

அவள் தட்டினாள். பிறகு விதி போலிருக்கிறது, எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். குடியிருப்பு, ஆம். ஆள், ஒருவர். தொழில், எதுவுமில்லை. "சரிதானே மௌசி?"

எதுவுமில்லை என்பதை அவள் இந்தியில் ஒரே மூச்சில் சொன்னாள். குச் நஹி. நான் அவளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். பட்டியலில் யாருமில்லை என்று பார்த்தபோது இருந்ததைவிட இது மோசம். அப்போது ரூமில்தான் நான் இல்லை. இப்போது ரூமில் இருக்கிறேன். மற்ற எதிலும் இல்லை.

"சரி" என்றேன். விரலால் என் பெயரை எழுதினேன். இந்தத் தடவை கோணிக்கொண்டு போனது.

இனிமேல் கட்டுகிற அடுக்குமாடியில் எனக்கு ஓர் இடம் வரலாம் என்கிறார்கள். எந்த மாடி, எந்தப் பக்கம், எப்போது, யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் ஒரு மூட்டைகூட உள்ளே வரக்கூடாது, திடீரென்று வந்து பார்ப்பார்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். அதனால்தான் எனக்குக் காலைப்பொழுது இவ்வளவு கிடைக்கிறது.

அந்தப் பெண் போன பிறகு எழுந்தேன். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் மூடியும் வளையமும். தனித்தனி மூட்டையில் போட வேண்டும். பச்சையும் வெள்ளையுமான தரையில், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவில், நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைசியில் அடுப்பு மேடையில் பாட்டிலை ஒரு பக்கமும் மூடியை ஒரு பக்கமுமாக வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன.